நுரையும் நீலச் சாயமும்: சோப்புத்தூளின் ஒரு குட்டி வரலாறு

மெத்திலீன் புளூன்னா எங்களுக்கு மெத்திமோகுளோபினீமியாவுக்குப் போடுற மருந்து. உதடு நீலமா இருக்கும், ரத்தம் சாக்லேட் நிறத்துல வரும், ஆக்சிஜன் வெச்சாலும் ஏறாது. இது நரம்புல போனதும் ஆள் தேறுவார். இதே சாயத்தை வெச்சுத்தான் ஒரு காலத்துல ஆத்துத் தண்ணியில டிடர்ஜென்ட் எவ்வளவு இருக்குன்னு அளந்தாங்க. அந்தக் கதைதான் இந்த இழை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோப்பு இருந்த இடத்துல செயற்கை டிடர்ஜென்ட் தூள் வந்துச்சு. அதுல முக்கியமான சரக்கு ஏபிஎஸ். பெட்ரோலியத்திலிருந்து மலிவா செய்யலாம், கடினநீரிலும் அழுக்கு போகும். சிக்கல் அதோட வாலில். கார்பன் சங்கிலி நேரா இல்லாம முருங்கை மாதிரி கிளை கிளையா இருக்கும்.

பாக்டீரியா இந்த வாலை நுனியிலிருந்து ரெண்டு ரெண்டு கார்பனா கடிச்சுத் தின்னும். நம்ம உடம்பு கொழுப்பை எரிக்கிற அதே பீட்டா ஆக்சிடேஷன். நடுவில் கிளை வந்தா வேலை நின்னுடும்.

விளைவு, சாக்கடை சுத்திகரிப்புத் தொட்டிகளில் நுரை மலை. 1959 கோடையில ஜெர்மனியில கடும் வறட்சி. தண்ணி குறைஞ்ச நெக்கர் ஆத்துல மதகுக்கு மதகு நுரை குவிஞ்சு நின்னுச்சு. நியூயார்க் பக்கம் லாங் ஐலேண்டுல இன்னும் மோசம். அங்கே பல வீடுகளில் கிணறும் கழிவுக் குழியும் ஒரே மணல் மண்ணுல. குழாயைத் திறந்தா டம்ளர்ல நுரை வரும்.

என்னைக் கேட்டா அந்த நுரை நல்லதுதான் செஞ்சுது. கழிவுத் தண்ணி குடிதண்ணியில கலக்குதுன்னு கண்ணுக்குக் காட்டுச்சு. நைட்ரேட்டோ வைரஸோ அப்படிக் காட்டாது.

1961-ல் ஜெர்மனி சட்டம் போட்டுச்சு. 1964 அக்டோபரிலிருந்து டிடர்ஜென்ட் குறைஞ்சது 80% சிதையணும். அமெரிக்கக் கம்பெனிகள் 1965 நடுவுக்குள்ள தாங்களே நேர் வால் கொண்ட எல்ஏஎஸ்ஸுக்கு மாறிட்டாங்க. நுரை அடங்குச்சு.

சரி, 80% சிதைஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? இங்கேதான் நம்ம நீலச் சாயம். டிடர்ஜென்ட் மூலக்கூறு சாயத்தோட ஜோடி சேர்ந்து குளோரோஃபார்முக்குள்ள போகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு டிடர்ஜென்ட். பாக்டீரியாவோட சில நாள் வெச்சு மறுபடி பார்த்தா நீலம் குறைஞ்சிருக்கும். பாஸ்!

ஆனா வாலை ஒரு ஓரம் கடிச்சாலே ஜோடி சேராது. மிச்சத் துண்டு தண்ணியிலேயே கிடந்தாலும் கணக்குல ‘சிதைஞ்சது’. வார்டுல பெட் காலியா இருக்கு, அதனால பேஷன்ட் குணமாகி வீட்டுக்குப் போயிட்டார்னு கேஸ் ஷீட்ல எழுதற மாதிரி. அப்ஸ்காண்ட் ஆனவரும் அந்தக் கணக்குலதான் வருவார்.

அப்படி அப்ஸ்காண்ட் ஆன ஒண்ணுதான் நோனைல்ஃபீனால். மின்சுமை இல்லாத ஒரு வகை டிடர்ஜென்ட் பாதி சிதைஞ்சா வர்ற மிச்சம் இது. தாய்ப்பொருளைவிட நச்சு அதிகம். 1984-ல் சுவிட்சர்லாந்தில் கீகர் குழு இதைச் சாக்கடைக் கசடுல கண்டுபிடிச்சாங்க.

1991-ல் பாஸ்டனில் அனா சோட்டோவும் கார்லோஸ் சொனன்ஷைனும் ஆய்வகத்தில் வளர்த்த மார்பகப் புற்றுநோய் செல்கள் ஈஸ்ட்ரோஜன் கொடுக்காமலேயே பெருகுது. தேடிப் பார்த்தா பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிஞ்ச நோனைல்ஃபீனால்! அது டிடர்ஜென்டிலிருந்து வந்தது இல்ல, ஆனா பொருள் ஒண்ணுதான்.

அப்புறம்தான் கேள்வி மாறுச்சு. ‘காணோமா’ன்னு கேட்காம ‘முழுசா எரிஞ்சுதா’ன்னு கேட்டாங்க. பாக்டீரியா விடுற கார்பன் டை ஆக்சைடை அளக்கணும்; 28 நாளில் 60% வரணும். ஐரோப்பாவில் 2005 அக்டோபரிலிருந்து டிடர்ஜென்ட்டுக்கு இதுதான் விதி.

இதுலயும் ஒரு ஓட்டை உண்டு. இந்தச் சோதனை ஆக்சிஜன் இருக்கிற தண்ணியில நடக்குது. எல்ஏஎஸ் ஆக்சிஜன் இல்லாத இடத்துல லேசுல சிதையாது. கருப்பா நாறிக் கிடக்கிற சாக்கடையில ஏது ஆக்சிஜன்?

2019 மழைக்குப் பிறகு சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரை முழுக்க வெள்ளை நுரை நின்னது ஞாபகம் இருக்கா? பிள்ளைங்க அதுல இறங்கி விளையாடின படம் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. சுத்திகரிக்காத கழிவுநீர் மழையோட கடலுக்குப் போனதுதான் காரணம்னு சொன்னாங்க. அடுத்த தடவை பார்த்தா பிள்ளைங்களை இறக்காதீங்க. அந்த நுரையில சோப்பு மட்டும் இல்ல.