சொந்த காரில் அலுவல் பயணம்: வரியைக் குறைக்கும் பயணப் பதிவேடு

பெங்களூரு காக்ஸ் டவுனில் வசிக்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர், வாடிக்கையாளர்களைச் சந்திக்க பீன்யா, ஒயிட்ஃபீல்டு பகுதிகளுக்குச் சொந்த காரில் சென்று வருகிறார் எனக் கொள்வோம். எரிபொருள், பராமரிப்புச் செலவுக்காக நிறுவனம் மாதம் ரூ.10,000 வழங்குகிறது. அதே காரைக் குடும்பத் தேவைக்கும் பயன்படுத்துவதால், இத்தொகை முழுவதற்கும் வரிவிலக்கு கிடைக்காது.

வருமான வரி விதிகள் 1962-இன் 3(2) விதிப்படி, புதிய வருமான வரிச் சட்டத்துக்கு முந்தைய 2025-26 நிதியாண்டு வரை, 1.6 லிட்டருக்கு மேற்படாத எஞ்சின் கொண்ட காருக்கு மாதம் ரூ.1,800, அதைவிடப் பெரிய காருக்கு ரூ.2,400, ஓட்டுநர் இருந்தால் கூடுதலாக ரூ.900 கழிக்கப்படும். ஓட்டுநர் இல்லாத சிறிய கார் எனில், எஞ்சிய ரூ.8,200 சம்பளத்துடன் சேர்ந்து வரிக்கு உட்படும்.

உண்மையான அலுவல் செலவு இதைவிட அதிகமாக இருந்தால் அத்தொகையையே கழிக்கக் கோரலாம். அதற்குப் பெட்ரோல் ரசீதுகளைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பயணத்தின் தேதி, சென்ற இடம், தூரம், செலவு ஆகியவை பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அது அலுவலுக்கான செலவே என நிறுவனமும் சான்றளிக்க வேண்டும்.