கடலுக்கு வேலியில்லை, முறையுண்டு

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஓராண்டு கடந்திருந்தது. செய்தி சேகரிப்பதற்காக மட்டக்களப்புக்குச் சென்றிருந்த நான், நண்பர் ஒருவருடன் ஒரு மாலைப் பொழுதிலே வாவிக்குத் தூண்டில் போடச் சென்றேன். நீண்ட காலமாக இரவிலே வாவியில் இறங்க அஞ்சியிருந்த மக்கள் மீண்டும் தோணிகளை இறக்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. எங்களுக்குத் தொழில் தெரியாது. ஆர்வம் மட்டுமே இருந்தது. சற்றுத் தொலைவில் முதியவர் ஒருவர் தனித் தோணியில் அமர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக மீன்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். மீன் அங்கேதான் நிற்கிறது என்று நாங்கள் தோணியை அவர் பக்கமாகச் செலுத்தி, நங்கூரக் கல்லைத் தொப்பென்று நீரில் போட்டோம்.

அவர் ஏசவில்லை. நூலை நிதானமாகச் சுற்றி வைத்தார். பின்னர் எங்களைப் பார்த்து, "மனே, ஆத்தில எல்லாருக்கும் பங்கு கிடக்கு. ஆனா முந்தி வந்தவன்ட நூல் எட்டுற தூரம் அவன்ட" என்றார். அவ்வளவுதான். தோணியைத் திருப்பிக்கொண்டு இருளுக்குள் போய்விட்டார். அதன் பின்னர் எங்கள் தூண்டிலில் ஒரு மீன்கூடக் கொத்தவில்லை.

பல்கலைக்கழகத்திலே கலைப் பட்டம் பெற்று, பத்திரிகையில் நாளாந்தம் உரிமைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எனக்கு, எழுதப்படாத ஒரு சட்டத்தை மீறிய குற்றவாளியாக அன்றுதான் முதன்முதலில் நிற்க நேர்ந்தது. அந்த முதியவர் கூறிய இரு வசனங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும் அவ்வாறல்ல என்பதைப் பின்னர் உணர்ந்தேன். நீர் எல்லோருக்கும் பொது. ஆயினும் அந்த நேரத்துக்கு அந்த இடம் ஒருவருக்குரியது. இவ்விரண்டுக்கும் இடையிலே மனிதர் எவ்வாறு சமரசம் கண்டனர் என்பது சுவையான வரலாறு. அது நமது நாட்டின் அண்மைக்காலத் துயரத்தோடும் பிணைந்தது என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

முதல் வசனத்துக்கு நீண்ட பரம்பரையுண்டு. கடலும் கடற்கரையும் இயற்கை நியதியின்படி யாவர்க்கும் பொதுவானவை என்று ஆறாம் நூற்றாண்டிலே உரோமப் பேரரசர் ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பு வகுத்தது. 1609இல் ஒல்லாந்து தேசத்து அறிஞர் ஹியூகோ குரோஷியஸ், கடல் எவருக்கும் தனியுடைமை ஆகாது என்று நூலெழுதினார். உரோம ஒல்லாந்துச் சட்டம் இலங்கையின் பொதுச் சட்டமாக இன்றுவரை இருந்துவருகிறது என்பதால் இச்சிந்தனை நமக்கு அந்நியமானதன்று. ஆயினும் சட்ட அறிஞர்கள் கப்பல்களின் கடலையே நினைத்திருந்தனர். வலையோடும் தூண்டிலோடும் விடியற்காலையிலே இறங்குகின்றவனின் கடல் வேறு. அங்கே மீன் எல்லா இடத்திலும் ஒரேயளவாக நிற்பதில்லை. ஓடைவாய், பார், கல்லடி, சேறு எனச் சில இடங்களிலேயே அது கூடும். எனவே பூசலும் அங்கேதான் கூடும்.

அப்பூசலைத் தவிர்க்கக் கண்ட வழியைத் தமிழக மீனவர் 'பாடு' என்பர். துன்பம், உழைப்பு, இடம் எனப் பல பொருள் தரும் இச்சொல் அவர்களிடையே ஒருவனுக்குரிய மீன்பிடி இடத்தையும் முறையையும் குறிக்கிறது. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு ஏரியிலே கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இறால் பிடிக்கும் இடங்களைப் பாட்டு முறையில் பகிர்ந்துவந்தன. நமது வடபகுதியில் கரைவலை இழுக்கும் இடத்தைக் கரைவலைப்பாடு என்கின்றனர். பூநகரிக் கரையிலே வலைப்பாடு என்று ஒரு கிராமமே இருக்கிறது.

கரைவலையைப் பார்த்தவர்களுக்கு முறையின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளத்திலே கடலுக்குள் சென்று, வளைத்து இறக்கி, மறு கயிற்றோடு கரைக்குத் திரும்பி, இரு பக்கமும் ஆட்கள் நின்று அம்பா பாடி இழுப்பார்கள். முதல் வலை கரையேறுவதற்கு முன்னர் இன்னொருவர் அதே இடத்தில் வலை வளைத்தால் இரண்டும் நாசம். எனவே வரிசை வேண்டும். விடியற்காலையில் வளைக்கும் வலைக்கு மீன் அதிகம் என்பதால், அந்த அதிர்ஷ்டமும் எல்லோருக்கும் சுழன்று வர வேண்டும்.

நீர்கொழும்புக் களப்பிலே இம்முறை மிகுந்த செம்மை பெற்றது. அங்கே களப்பு கடலோடு கலக்கும் ஓடையில், இரவிலே வற்றுநீரோடு கடலை நோக்கி நகரும் இறாலை மறித்துப் பிடிக்கக் கம்புகளில் வலை கட்டுவர். சிங்களத்திலே இதனைக் கட்டுதெல் என்பர். எல்லா இடமும் ஒரே விளைச்சல் தருவதில்லை. ஆகவே நான்கு மீனவர் சங்கங்கள் நாட்களைத் தமக்குள் பங்கிட்டு, சங்கத்தினுள்ளே திருவுளச்சீட்டு மூலம் இடங்களை ஒதுக்கின. சீட்டு விழுந்த இடத்தை எவரும் மறுத்துரைப்பதில்லை. பரம்பரை பரம்பரையாக நிலவிய இவ்வழக்கத்தை அரசு 1958இல் ஒழுங்குவிதிகளாக வெளியிட்டு அங்கீகரித்தது. சட்டம் வழக்கத்தை உருவாக்கவில்லை. வழக்கத்தின் பின்னாலே சட்டம் நடந்து வந்தது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

துருக்கி நாட்டின் அலன்யா துறைமுகத்திலும் இதையொத்த ஏற்பாடொன்று 1970களில் உருவாயிற்று. ஒவ்வொரு செப்டெம்பரிலும் மீனவர்கள் இடங்களுக்குப் பெயரிட்டுப் பட்டியலிட்டுச் சீட்டுக் குலுக்குவர். பின்னர் ஜனவரி வரை ஒவ்வொரு படகும் நாளுக்கு ஓரிடமாகக் கிழக்கு நோக்கி நகரும். அதன் பின்னர் மேற்கு நோக்கி நகரும். மீன் செல்லும் திசையை ஒட்டி அமைந்த கணக்கு இது. ஒருவன் தன் முறையில்லாத இடத்துக்குச் சென்றால் அதனை முதலில் அறிபவன் அன்று அவ்விடத்துக்குரியவன். ஆகவே காவலுக்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை.

பொதுச் சொத்தை மனிதர் அழித்தே தீர்வர் என்ற கருத்தைக் கரெட் ஹார்டின் 1968இல் முன்வைத்தபோது உலகம் அதனை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. அமெரிக்கப் பேராசிரியை எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலிலே அலன்யா மீனவரை எடுத்துக்காட்டி அக்கருத்தை மறுத்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. ஆனால் அதே நூலிலே தோல்வியடைந்த உதாரணங்களும் உள்ளன. அவற்றுள் ஒன்று நமது நாட்டின் தென்கரையிலே தங்காலைக்கு அண்மையிலுள்ள மாவெல்ல என்னும் கிராமம். மானிடவியலாளர் போல் அலெக்சாண்டரின் ஆய்வை ஆதாரமாகக் கொண்டது அப்பகுதி.

மாவெல்லவில் முறை இல்லாமலில்லை. கரைவலைகளின் வரிசை நுணுக்கமாக வகுக்கப்பட்டிருந்தது. எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டனர். ஆனால் வீதியும் பனிக்கட்டியும் வந்து மீனின் விலை ஏறியபோது, வெளியிலிருந்து முதலும் வந்தது. வலைகள் பெருகின. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த விதி இருந்தும் அரசியல் செல்வாக்கின் முன்னால் அது செல்லுபடியாகவில்லை. ஒவ்வொரு வலையும் தன் முறைக்காகக் காத்திருக்கும் நாட்கள் நீண்டன. கடல் தந்த மீன் கூடவில்லை. பங்கு மட்டும் சுருங்கியது. நீதியாகவே பகிர்ந்து, நீதியாகவே வறுமையுற்றனர்.

நீர்கொழும்பு நிலைத்தது, மாவெல்ல நொடிந்தது. வேறுபாடு எங்கே? நீர்கொழும்பிலே யார் உறுப்பினர் என்பது தெளிவாக இருந்தது. ஊர், குடும்ப வழி, கத்தோலிக்கப் பங்கு ஆகிய மூன்றும் எல்லையிட்டன. இதிலே கசப்பான உண்மையும் உண்டு. முறை என்பது உள்ளே இருப்பவருக்கு நீதி. வெளியே நிற்பவருக்குக் கதவு. கதவில்லாத முறை நீடிக்கவில்லை என்பதற்கு மாவெல்ல சாட்சி. கதவு எவருக்குத் திறக்கும், எவருக்கு மூடும் என்பதை யார் தீர்மானிப்பது? இந்தக் கேள்விதான் நமது வடகிழக்குக் கரையிலே இரத்தம் சிந்த வைத்தது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும். அப்போது கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஆதலால் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் கொக்கிளாய், நாயாறு போன்ற முல்லைத்தீவுக் கரைகளுக்கு வந்து, வாடி அமைத்துத் தொழில் செய்து, பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்வது நீண்டகால வழக்கம். விருந்தாளி எங்கே வலை வளைக்கலாம், எங்கே கூடாது என்பது இருதரப்புக்கும் தெரிந்திருந்தது. எல்லாம் சுமுகமாக இருந்தது என்று கூற வரவில்லை. குடியேற்றம் பற்றிய அச்சம் முன்னரே முளைத்திருந்தது. ஆயினும் பேசித் தீர்ப்பதற்கு ஆட்கள் இருந்தனர்.

1984 டிசெம்பரில் அது முறிந்தது. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்கள மீனவக் குடும்பங்கள் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டன. அதே மாதத்திலே கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் தமிழ் மக்கள் இராணுவ நடவடிக்கையால் தம் ஊர்களை விட்டு விரட்டப்பட்டனர். கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் திரும்பவில்லை. 2009இல் போர் முடிந்து, மீள்குடியேற்றம் தொடங்கியபோது, திரும்பி வந்தவர்களிடம் இருந்தது பாட்டனின் கரைவலைப்பாடு எது என்ற ஞாபகம். கரையிலே ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களிடம் இருந்தது அனுமதிப்பத்திரம். ஒருவர் வழக்கத்தைப் பேசினார். மற்றவர் கடதாசியைக் காட்டினார். 2018 ஓகஸ்டில் நாயாற்றிலே தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் தீக்கிரையாயின.

முல்லைத்தீவுக் கரைவலைப்பாட்டுத் தகராறுகளைச் செய்தியாக எழுதியவன் என்ற வகையிலே ஒன்றைக் கூறுவேன். நாம் அவற்றை இனப் பிரச்சினையாகவே எழுதினோம். அது தவறன்று, ஆனால் முழுமையுமன்று. 'இன்றைய முறை யாருடையது' என்று கேட்டால் ஒரே விடையைச் சொல்லக்கூடிய இருவர் அக்கரையிலே எஞ்சியிருக்கவில்லை என்பதை நாம் எழுதவில்லை. வாடி எரிந்தால் மீண்டும் கட்டலாம். முறை எரிந்தால் அதைக் கட்டுவதற்கு ஒருவரையொருவர் அறிந்த மனிதர் வேண்டும்.

2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் இதிலே ஒரு பங்கு வகித்தது. உதவி நிறுவனங்கள் நல்லெண்ணத்தோடு படகுகளை வாரி வழங்கின. சில ஊர்களிலே முன்னர் இருந்ததிலும் கூடுதலான படகுகள் வந்து சேர்ந்தன. மாவெல்லவின் பாடத்தை எவரும் படித்திருக்கவில்லை. பாக்கு நீரிணையிலோ கதை இன்னும் பெரிது. அடிமட்ட இழுவை வலைக்கு இடமும் கிடையாது, முறையும் கிடையாது; பிறர் விரித்த வலைகளையும் அறுத்துக்கொண்டு அது செல்லும். இலங்கை 2017இல் அதனைச் சட்டத்தால் தடை செய்தது. கடலிலே தடை எவ்வளவு செல்லுபடியாகிறது என்பதை யாழ்ப்பாணத்து மீனவரைக் கேட்டால் சொல்வர்.

தூண்டில்காரருக்குத் திரும்புவோம். முன்னர் நல்ல இடம் என்பது மனிதனின் தலைக்குள்ளே இருந்தது. கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் ஒரு நேர்கோட்டிலும், தேவாலய முகட்டையும் மலை முனையையும் மறு நேர்கோட்டிலும் வைத்து, இரண்டும் வெட்டும் புள்ளியிலே கல்லை இறக்குவர். அதனைத் தந்தை மகனுக்குக் காட்டும்போது, அங்கே வேறு தோணி நின்றால் எவ்வளவு தூரத்தில் விலகி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே காட்டினார். இன்று செய்மதிக் கருவி இடத்தை ஒரு கணத்தில் காட்டிவிடுகிறது. விலகி நிற்க வேண்டிய தூரத்தைக் காட்டுவதில்லை. பொழுதுபோக்குக்காக இயந்திரப் படகில் வருபவர், தொழிலுக்காக நூல் விட்டிருப்பவரின் தலைமாட்டிலே வந்து நிற்பதை நான் இப்போது அடிக்கடி காண்கிறேன். நானும் ஒருநாள் அப்படித்தான் நின்றேன் என்பதால் அவர்களை அதிகம் குறை கூற என்னால் முடியவில்லை.

அந்த முதியவர் எங்களோடு சண்டையிட்டிருக்கலாம். அவ்விரவில் அவருக்கு நட்டம் ஏற்பட்டது நிச்சயம். ஆயினும் அவர் சட்டத்தைக் கூறிவிட்டு, தண்டனையை எங்கள் மனச்சாட்சியிடம் விட்டுச் சென்றார். மறுநாள் நண்பர் மூலம் அவரைத் தேடிப் போனேன். வாவிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். திரும்பி வரும்வரை காத்திருக்கச் செய்தி அவகாசம் தரவில்லை. மன்னிப்புக் கேட்காமலே கொழும்புக்குப் பேருந்து ஏறினேன்.

இக்கட்டுரையை வாசிப்போரில் கரையோரத்திலே பிறந்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊரின் பாடுகளின் பெயர்களையும், முறை எவ்வாறு சுழன்றது என்பதையும், முறை தவறியவருக்கு ஊர் என்ன செய்தது என்பதையும் முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது இருவர் ஒரே கரையில் வலையோடு வந்து நிற்கும்போது, பேசத் தொடங்குவதற்கு அந்தக் குறிப்பேடாவது உதவும்.