அமோனா

இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரையில், ரமல்லாவுக்கு வடகிழக்கே, ஓஃப்ரா குடியேற்றத்தை ஒட்டிய குன்றின்மேல் 1995-இல் எழுந்த யூதப் புறக்குடியிருப்பு. இஸ்ரேல் அரசின் முறையான அனுமதியின்றிக் குடியேறிகள் தாமே அமைத்துக்கொள்பவை புறக்குடியிருப்புகள். அனுமதி இல்லாத இவற்றில் பலவற்றுக்கு அரசுத் துறைகளே பணம் தந்து உதவியதை, அரசு கேட்டுப் பெற்ற 2005-ஆம் ஆண்டு சாசோன் அறிக்கையே வெளிப்படுத்தியது. அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இத்தகைய குடியேற்றங்கள் சர்வதேசச் சட்டத்துக்கு முரணானவை என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலைப்பாடு. இஸ்ரேல் இதை ஏற்பதில்லை.

அமோனா நின்றது சில்வாத் முதலிய பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த பாலஸ்தீனர்களின் சொந்த நிலத்தில். 2006 பிப்ரவரியில் ஒன்பது வீடுகள் இடிக்கப்பட்டபோது காவல் துறைக்கும் குடியேறிகளுக்கும் கடும் மோதல் மூண்டது. நிலத்துக்கு உரியவர்கள் தொடுத்த வழக்கில், புறக்குடியிருப்பு முழுவதையும் அகற்ற இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2014-இல் இரண்டு ஆண்டு கெடு விதித்தது. 2017 பிப்ரவரியில் சுமார் 40 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அடுத்த சில நாள்களிலேயே, தனியார் பாலஸ்தீன நிலத்தில் கட்டிய வீடுகளைச் சட்டபூர்வமாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வெளியேறியவர்களுக்கு அமிகாய் என்னும் புதிய குடியேற்றத்தை அரசு அமைத்துக் கொடுத்தது. வழக்கில் வென்ற பாலஸ்தீன நில உரிமையாளர்களுக்கோ தீர்ப்பு வந்ததாலேயே நிலம் கைக்கு வந்துவிடவில்லை. குன்று அதன் பிறகும் இராணுவம் அடைத்த பகுதியாகவே நீடித்தது.