காசு கொடுத்து வாங்காத தானியம்

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நியாய விலைக் கடைகளின் வழியே கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. அரிசி அட்டை வைத்திருப்போர் தமக்குரிய அரிசியில் 2 கிலோவை விட்டுக்கொடுத்து, ஈடாக 2 கிலோ கேழ்வரகு பெறலாம். விலை கிடையாது. உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருந்த ஆண்டும் அதுவே. செய்தியைப் படித்த மகிழ்ச்சியில் ஏரியூரில் இருக்கும் என் தாயாரிடம் ஓடிச் சென்று சொன்னேன். எழுபது வயதைக் கடந்தவர். களி உண்டு வளர்ந்து, களி கிண்டியே எங்களை வளர்த்தவர். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அரிசியே போதும்" என்றார். சற்று நேரம் கழித்து, "நம்ம ஊட்டுல ராகி வாங்கித் தின்னாங்கன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்றார்.

இலவச அரிசியை வாங்குவதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. சர்க்கரை, பருப்பு, பாமாயில் எதிலும் இல்லை. கேழ்வரகை மட்டும் கடையில் வாங்க மாட்டார். அந்த மறுப்பின் வேரைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன் பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதி இது. 1883இல் லெ பானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேட்டையும் 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய விவரச் சுவடியையும் புரட்டினால், நெல் விளையும் ஆற்றுப் பாய்ச்சல் நிலம் இம்மண்ணில் எவ்வளவு சிறிது என்பது விளங்கும். எஞ்சியதெல்லாம் வானம் பார்த்த காடு. அதில் கேழ்வரகும் சாமையும் கம்பும் சோளமும் விளைந்தன. (எங்கள் பக்கத்தில் 'காடு' என்றால் புன்செய் நிலம், வனம் அன்று.)

புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் வரகு, தினை, கொள், அவரை என நான்கை மட்டுமே உணவெனக் கூறுகிறார். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் அரிசி எங்கே என்று கேட்பார்கள். கேழ்வரகும்தான் அதில் இல்லை. ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலங்களில் தோன்றி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்து சேர்ந்த பயிர் அது. வந்தேறியாக வந்து, இம்மண்ணின் சொந்தப் பயிர் என்று எல்லோரும் நம்பும் அளவுக்கு வேரூன்றிவிட்டது.

அதன் ஒரு குணம் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. நெல்லையும் சோளத்தையும் வண்டு துளைத்துவிடும். கேழ்வரகின் மணி சிறியது, தோல் இறுகியது. நன்கு காயவைத்துக் குதிரிலோ நிலத்தடிக் குழியிலோ இட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு நல்ல மழையின் விளைச்சல் அடுத்து வரும் இரண்டு வறட்சிகளைத் தாங்கும். அத்தகைய தானியத்திற்குக் கடை எதற்கு? உப்பும் மிளகாயும் துணியும் சந்தையில் வாங்குவார்கள். கேழ்வரகு வீட்டில் இருக்கும். தீர்ந்தால் பங்காளி வீட்டில் ஒரு வள்ளம் அளந்து வாங்கி, அடுத்த அறுவடையில் அளந்து திருப்புவார்கள். திருப்பும்போது ஒரு கை கூடுதலாகப் போடுவது வழக்கம். பெண் கொடுக்க வருவோர் பேச்சுவாக்கில் குதிரைத் தட்டிப் பார்ப்பார்களாம். வெற்று ஒலி கேட்டால் சம்பந்தம் நின்றுவிடும் என்று என் தாயார் சொல்லியிருக்கிறார். காசு கொடுத்துக் கேழ்வரகு வாங்குதல் என்பது அந்த வெற்று ஒலியை ஊரறியச் செய்வதற்கு ஒப்பாகும்.

இதைப் பழம்பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. குதிர் உள்ளவனுக்கே மறுக்கும் உரிமை இருந்தது. நிலமற்றவர்கள் களத்தில் நின்று, அளந்து போட்டதை வாங்கிச் சென்றார்கள். அது போதுமா, நல்ல மணியா என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. என் தாயார் சொல்லும் 'நம்ம ஊடு' என்பதற்குள் அவர்கள் வீடு அடங்கியிருந்ததில்லை. பிற்காலத்தில் ரேஷன் கடை வந்தபோது, எவரிடமும் கையேந்தாமல் அட்டையை நீட்டித் தானியம் பெறும் முதல் இடமாக அதுவே அவர்களுக்கு அமைந்திருக்கும்.

பஞ்சத்திலும் மானம் இப்படித்தான் இருமுகம் காட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள் தொகை 1881இல் 16 லட்சத்தை ஒட்டிச் சரிந்தது. அந்நாளிலும் சென்னை மாகாணத்து நிவாரண முகாம்களில் சமைத்துப் போட்ட உணவை, சமைத்தவர் சாதி கருதி ஏற்காதவர்கள் இருந்தனர். சாவு வாசலில் நிற்கும்போதும் மனிதன் உணவை மறுக்கிறான் என்பது வியப்புக்குரியது. மறுத்த காரணம் போற்றத்தக்கதன்று.

அயர்லாந்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1845இல் உருளைக்கிழங்கு நோயுற்று அழுகியபோது, பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளம் வாங்கி இறக்கினார். அதை இருமுறை அரைத்து நெடுநேரம் வேகவைக்க வேண்டும் என்பது அங்குள்ளோர் அறியாதது. அரைகுறையாக வெந்ததை உண்டு வயிற்றுக் கடுப்பால் துன்புற்றவர்கள் அம்மஞ்சள் மாவுக்கு 'பீலின் கந்தகம்' என்று பெயர் சூட்டினார்கள். மறுப்பு அங்கே அறியாமையிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. அனுப்பியவன் எவன் என்பதும் அதில் கலந்திருந்தது.

நம்மிடமும் அமெரிக்கத் தானியம் வந்தது. பி.எல். 480 திட்டத்தின் கீழ்க் கோதுமையும் மைலோ என்னும் சோளமும் கப்பல் கப்பலாக இறங்கின. வறட்சி மிகுந்த 1966ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. பள்ளி மதிய உணவுக்கு 'கேர்' நிறுவனம் 1961 முதல் கோதுமை ரவையும் பால்மாவும் வழங்கியது. பிள்ளைகள் அந்த உப்புமாவை விரும்பியே உண்டார்கள். ஆயினும் வீட்டு உலையில் கோதுமைக்கு இடமில்லை. அது நோயாளியின் உணவு. பிற்பாடு சர்க்கரை நோயாளியின் உணவு.

1967 தேர்தலை அரிசித் தேர்தல் என்றே சொல்லலாம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்த திராவிட முன்னேற்றக் கழகம், அவ்வாண்டிலேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. 'அரிசி அரசியல்' என்று இதனை ஏளனம் செய்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே நெல்லுச்சோறு கண்ட வீடுகளில் அன்றாடம் வெண்சோறு என்பது மனிதர் எனும் தகுதியை அடைதலுக்கு நிகராக இருந்தது. நானும் அச்சோற்றுப் பிள்ளைதான். ஆனால் சோறு உயர்ந்தபோது களி தாழ்ந்தது. கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், வீட்டில் என்ன உண்பீர்கள் என்று கேட்ட நண்பனிடம் 'இட்லி, தோசை' என்று கூசாமல் பொய் சொன்னேன். அன்றைக்கு என் தாயார் களி கிண்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

காடுகளும் மாறின. களையெடுப்பு, அறுவடை, போரடிப்பு எனக் கையுழைப்பு வேண்டும் கேழ்வரகை விடுத்து, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி நட்டார்கள். இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். எங்கள் காடும் குத்தகைக்குப் போயிற்று. குதிர் உடைந்தது எந்த ஆண்டு என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை.

இன்றைய மறுப்புகள் வேறு. ரேஷன் அரிசி மணக்கிறது என்று மறுப்போர், சர்க்கரை அட்டைக்கு மாறுவார்கள். எப்பொருளும் வேண்டாம் என்று அட்டையை அடையாளச் சான்றுக்காக மட்டும் வைத்திருப்போரும் உண்டு. செறிவூட்டிய அரிசி வந்தபோது, நூற்றுக்கு ஒன்றாகக் கலந்திருந்த இரும்புச்சத்து மணிகள் நீரில் மிதக்கக் கண்டு, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்தார்கள். கேழ்வரகை மறுப்போர் சொல்லும் காரணம் எளியது: கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, மாவு மில்லுக்குத் தூக்கிப் போக யாருக்கு நேரம்? நியாயமான காரணமே. அதே வேளையில் நகரத்துப் பெரிய கடைகளில் கேழ்வரகு மாவு வண்ண உறையில் புகுந்து, மருத்துவர் சொன்னதாக வாங்கப்படுகிறது. நான் பொய் சொன்ன அந்நண்பன் இப்போது அதைத்தான் உண்கிறான்.

சென்ற தை மாதம், பெண்ணாகரம் சாலையில் ஒரு களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்து, ஒரு மூட்டை வாங்கி வந்தேன். வீட்டில் 'வாங்கினேன்' என்று சொல்லவில்லை. தெரிந்தவர்கள் கொடுத்தார்கள் என்றேன். என் தாயார் மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்தார். நல்ல மணி என்று முகமே சொல்லிற்று. முறம் எடுத்து வந்து புடைக்க உட்கார்ந்தவர், தலை நிமிராமல் கேட்டார்:

"நீ அவங்களுக்கு என்னத்தத் திருப்பிக் குடுப்ப?"