மருந்து வந்த வழி - 27: கள்ளச்சாவி

சென்ற வாரம் நித்தியகல்யாணிச் செடியை அய்யனார் கோவில் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். இராசபாளையத்திலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்கு, நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு ஆற்றில் ஒரு முழுக்குப் போடப் போகிறவர்களுக்கு அந்தச் செடி புதிதல்ல. ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, வருஷம் முழுக்கப் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து வீட்டுவாசலில் சேர்க்காத ஊர்களும் உண்டு. அதன் இலையிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின், 1963இல் ரத்தப் புற்று மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது வரை பார்த்தாயிற்று.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே அந்த நோயை முதல்முறையாகப் பின்வாங்க வைத்த மருந்து ஒன்று உண்டு. அதன் பின்னால் இருந்தவர் மதராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர், எல்லாப்பிரகட சுப்பாராவ். 1947 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஒரு குழந்தைக்குப் போடப்பட்ட ஊசியை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தோம். அதற்குள் நுழையுமுன் ஒரு சட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12, பீமவரம். அன்றைக்கு அது மதராஸ் மாகாணம். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவதாகத் திட்டம். வீட்டார் பிடித்து இழுத்து வந்தார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறியது மூன்றாம் முயற்சியில். சந்நியாசியாகப் போகிறேன் என்று கிளம்பியவரை அம்மா விடவில்லை. பிறகு மருத்துவம். படிப்பு முடிவதற்குள் காந்தியின் அழைப்பு வந்துவிட்டது.

அறுவை அரங்குக்குள் சுப்பாராவ் கதரில் தைத்த உடையோடு போய் நின்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்துத் தேர்வை நன்றாகவே எழுதியிருந்தும் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ். பட்டம். அரசாங்க மருத்துவப் பணியின் கதவும் அடைந்தது.

இராசபாளையத்துக்காரர்களுக்கு இது எவ்வளவு வேடிக்கை என்று புரியும். பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் இன்றும் ஓடுவது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. காயத்தின் மேல் சுற்றும் துணி நம்மூர்த் தறியில் வரலாம், அறுப்பவர் தோளில் மட்டும் வரக்கூடாதாம்! கதரை விடாமல் பிடித்தவர்களில் இந்த ஊர்க்காரர் பூ.ச. குமாரசாமி ராஜா 1949இல் மதராஸ் மாகாணத்தின் பிரதமராகவே ஆனார். சுப்பாராவுக்குக் கதர் வாங்கித் தந்தது நாடு கடத்தலை. பிராட்ஃபீல்டு இக்கதையின் வில்லன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையில் அவர் வில்லன் வேஷத்துக்குக்கூடப் போதாதவர். ஒரு மாணவனின் சட்டையைத் தாண்டிப் பார்க்கத் தெரியாத அதிகாரி, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய அடி வீட்டுக்குள்ளேயே விழுந்திருந்தது. சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களை ஸ்புரூ கொண்டுபோனது. தின்றது உடம்பில் ஒட்டாமல் பேதியாகி, ரத்தம் வற்றி ஆளை உருக்கும் நோய். நாட்டு வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் வகை. அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. பிழைக்க வைத்தது ஆயுர்வேதம் கற்ற டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. அவர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில்தான் எல்.எம்.எஸ். பட்டக்காரருக்கு உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது.

மாமனார் பணம் கொடுத்தார். காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை கைகொடுத்தது. 1922 அக்டோபரில் சுப்பாராவ் பாஸ்டனில் இறங்கினார். மனைவி சேஷகிரியிடம் சில வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு வந்தவர், பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. பிறந்த மகனும் பச்சைக் குழந்தையாகவே இறந்துபோனான்.

ஹார்வர்டில் பகலில் வெப்பமண்டல மருத்துவப் படிப்பு. இரவில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் வேலை: நோயாளிகளின் மலத்தட்டு எடுப்பது, கழுவுவது. மதராஸில் டாக்டர், பாஸ்டனில் வார்டு பாய். படிப்பு முடிந்ததும் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியல் ஆசிரியரின் ஆய்வகத்தில் ஒதுங்கினார்.

அங்கே 1925இல் பிறந்த ஒரு சோதனையை மருத்துவ மாணவர்கள் இன்றும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே படிக்கிறார்கள். ரத்தத்திலிருந்து புரதத்தை நீக்கிய தெளிநீரைக் குழாயில் விட வேண்டும். அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்து, பிறகு ஒடுக்கும் கரைசலை ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் குழாய் நீலமாகும். பாஸ்பரஸ் கூடினால் நீலமும் அழுத்தமாகும். அளவு தெரிந்த இன்னொரு குழாயைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது.

தசையிலிருந்து எடுத்த சாறு மட்டும் குழாயில் சண்டித்தனம் செய்தது. நீலம் சட்டென்று வராமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. வேறு யாராவது என்றால் மருந்துக் கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டியிருப்பார்கள். இவர்கள் காத்திருந்து பார்த்தார்கள். அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பாஸ்பரஸை வெளியே விடும் பொருள் ஒன்று தசைக்குள் இருக்கிறது! 1927இல் பாஸ்போகிரியேட்டின் வெளிவந்தது; 1929இல் ஏடிபி. தசை எதைத் தின்று அசைகிறது என்ற கேள்விக்கு அன்றைய பாடப்புத்தகம் சொன்ன லாக்டிக் அமிலப் பதில் ஆட்டம் கண்டது.

பெயர் ஃபிஸ்க்குக்குப் போனது. 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். நிரந்தர வேலை பெறவில்லை. அதே ஆய்வகத்தில் ஃபிஸ்க்கிடம் படித்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்: சுப்பாராவ் தனியாகப் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியிட விடவில்லை, மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. வில்லன் வேண்டும் என்றால் இவரை வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நீலம் மெதுவாக ஏறுவதைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் இந்த ஆய்வகத்தில் வந்ததுதான் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். ஹிட்சிங்ஸை மறந்துவிட வேண்டாம்; கட்டுரை முடிவில் திரும்பி வருவார்.

1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து ஆய்வகத்துக்கு மாறினார். விரைவிலேயே ஆராய்ச்சி இயக்குநரானார். யானைக்கால் நோய்க்கு நம்மூரில் தரும் டிஇசி மாத்திரை அங்கே அவர் குழுவிடமிருந்து வந்தது. ஆனால் அவர் மனத்தை விடாமல் பிடித்திருந்தது, ஸ்புரூ நோயாளிகளின் வற்றிய ரத்தம்.

பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாற்றில் செய்த மார்மைட்டைக் கொடுத்தால் ரத்தம் ஊறுகிறது என்று 1931இல் எழுதியிருந்தார். நம் குன்னூர் ஆய்வகத்திலும் வேலை பார்த்தவர் அவர். ஈஸ்ட்டில் ஒளிந்திருந்த பொருளை 1941இல் டெக்சாஸ்காரர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து துளியளவு பிரித்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தருவது இதையேதான்.

ஒருவழியாக பாஸ்டன். குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கும் ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். சோகைக்கு நல்லது இதற்கும் நல்லதாக இருக்கும் என்ற எண்ணம். நோய் தீ மாதிரி வேகம் பிடித்தது. பெருகும் செல்லுக்கு டிஎன்ஏ செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்று செல்லுக்கோ எவ்வளவு கிடைத்தாலும் போதாது. அப்படியானால் சோற்றை நிறுத்தினால்?

லெடர்லேயில் அதற்குக் கள்ளச்சாவி தயாரானது. ஃபோலிக் அமில மூலக்கூறில் ஒரே ஓர் இடத்தில் இருக்கும் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு அமினோவை வைத்தார்கள். செல் ஏமாந்து அதை வாங்கிக்கொள்ளும். சாவி பூட்டுக்குள் போகும், திரும்பாது, வெளியேயும் வராது. அமினோப்டெரின் என்ற அந்த மருந்தின் முதல் ஊசியை 1947 டிசம்பர் 28இல் ஃபார்பர் ஓர் ஆண்குழந்தைக்குப் போட்டார். 1948 ஜூன் 3இல் வெளியான கட்டுரைப்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. மண்ணீரல் சுருங்கியது, ரத்த எண்ணிக்கை சீரானது. வாய்ப்புண் போன்ற பக்கவிளைவுகளும் இருந்தன. தணிவும் தற்காலிகம்தான், நோய் திரும்பியது. அதுவரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குழந்தைகளைத் தின்ற நோய் மருந்துக்கு அடங்கி நின்றதே அன்று செய்தி.

கட்டுரை வந்து இரண்டு மாதம் கழித்து, 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் நிலைத்துவிட்டது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரே ஒரு நாள் என்று டாக்டர் எழுதித் தரும் மஞ்சள் மாத்திரை இதுதான். தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் நாள் குறித்துத் தருகிறார்கள். மற்ற நாளுக்கு ஃபோலிக் அமிலம். கள்ளச்சாவியும் நல்ல சாவியும் ஒரே சீட்டில்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரெய்ரெய்க், ஃப்ரெய் என்ற இருவர், நான்கு மருந்துகளை ஒன்றாகவே கொடுக்கத் துணிந்தார்கள். முதலாவது நித்தியகல்யாணியின் வின்கிறிஸ்டின். இரண்டாவது மெத்தோட்ரெக்சேட். மூன்றாவது மெர்காப்டோப்யூரின், அதைச் செய்தவர்கள் கெர்ட்ரூட் எலியனும், ஃபிஸ்க்கின் அந்தப் பழைய மாணவர் ஹிட்சிங்ஸும். நான்காவது ஒரு ஸ்டீராய்டு. சக டாக்டர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். அந்தச் சண்டை அடுத்த வாரம்.