சுமை காவியோர் படை

முதலாம் உலகப்போரின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பியப் போர்முனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1914 முதல் 1918 வரை கிழக்கு ஆபிரிக்காவில் நிகழ்ந்த போரோ, துப்பாக்கி ஏந்தியோரிலும் பார்க்கச் சுமை காவியோரையே பெரிதும் நம்பி நடைபெற்றது.

யேர்மனியத் தளபதி லெட்டோ-வோர்பெக்கின் படையைத் துரத்திய பிரித்தானியப் படை, புகையிரதப் பாதையை விட்டு விலகியதும் பெரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாயிற்று. மழைக்காலச் சேற்றில் மோட்டார் வண்டிகள் புதைந்தன. செற்சி ஈ பரப்பிய நோயினால் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் எருதுகளும் மடிந்தன. எஞ்சியவை மனிதனின் தலையும் தோளுமே. இத்தேவைக்கென 1914இல் அமைக்கப்பட்டதே 'கரியர் கோர்' எனும் சுமை காவியோர் படையாகும். ஒஸ்கார் வொட்கின்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். 1915இல் இயற்றப்பட்ட சட்டம் கட்டாய ஆட்சேர்ப்புக்கு வழிவகுத்தது. 1917இல் கிராமங்கள் தோறும் பெருந்தொகையாக ஆட்கள் திரட்டப்பட்டனர்.

இத்துணைப் பேர் தேவைப்பட்டமைக்கு வழங்கற் கணக்கே காரணம். ஒருவன் ஏறத்தாழ 25 கிலோகிராம் சுமக்கிறான் எனவும், நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் உண்கிறான் எனவும் கொண்டால், பன்னிரண்டு நாள் சென்று பன்னிரண்டு நாளில் மீள்பவன் தன் சுமையை ஏறத்தாழ முழுவதுமாகத் தானே உண்டுவிடுவான். ஆகவே போர்முனை தொலைவுற, சுமப்போருக்கு உணவு சுமக்க மேலும் சுமப்போர் வேண்டியதாயிற்று. உணவு குறையும்போது முதலிற் குறைக்கப்பட்டது இவர்களின் பங்கே. செவ்வனே வேகாத சோளமா வயிற்றுளைச்சலை விளைவித்தது. மலேரியாவும் நியூமோனியாவும் அதனுடன் சேர்ந்தன. பிரித்தானியத் தரப்பிற் பணியாற்றிய ஏறத்தாழ பத்து இலட்சம் பேருள் 95,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுட் பெரும்பாலானோரைக் கொன்றது பகைவரின் குண்டன்று, நோயே.

போரின் பின்னரும் அநீதி தீரவில்லை. இறந்தோர் பலரின் ஊதியம் உரிய குடும்பங்களைச் சென்றடையவில்லை. அதனை வழங்குமாறு விடுக்கப்பட்ட கோரிக்கைகளைப் பிரித்தானிய அரசு ஏற்கவில்லை. ஐரோப்பியப் போர்வீரருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. சுமை காவியோருக்கு 1928இல் நைரோபியில் நிறுவப்பட்ட சிலைபோன்ற பொது நினைவுச்சின்னங்களே கிடைத்தன. பெயர்கள் பேணப்படாமையைப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.

எனினும், மக்கள் தம் வழியில் அவர்களை நினைவில் வைத்தனர். தார் எஸ் சலாமின் 'கரியாக்கூ', நைரோபியின் 'கரியாகோர்' ஆகிய இடப்பெயர்கள் அப்படையின் பெயரிலிருந்து பிறந்தவை. தனித்தனிப் பெயர்களை ஆவணங்கள் காக்கத் தவறியபோது, கூட்டுப் பெயரையேனும் ஊர்வழக்குக் காத்தது.