கரன்ட் வந்துடுச்சு... கம்ப்யூட்டர் மட்டும் வரலையா? பதறாம இந்த வரிசையில பாருங்க!

ஐப்பசி மாதச் சாயங்காலம். சிதறால் மலைக்கோயில் பாறைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. பத்தே நிமிடத்தில் இடி, மின்னல். ரப்பர் தோட்டத்தில் எங்கேயோ ஒரு கிளை முறிந்து லைன் மேல் விழ, 'பட்'டென்று கரன்ட் கட். காலேஜ் புராஜெக்ட்டின் கடைசிப் பகுதியை அப்போதுதான் டைப் செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு மணி நேரம் கழித்து ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, பக்கத்து வீட்டு டி.வி-கூட ஓடுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் மட்டும் வாயே திறக்கவில்லை.

'அய்யோ, ஃபைல் எல்லாம் போச்சா? மார்த்தாண்டத்துக்குத் தூக்கிட்டுப் போகணுமா?' என்று மனசு அடித்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுங்க. கரன்ட் கட்டில் தப்பித்த ஃபைல்கள்கூட, அதற்குப் பிறகு பதற்றத்தில் நாம் செய்யும் வேலைகளில் காணாமல்போவது உண்டு. அதனால் கம்ப்யூட்டரைத் தொடும் முன், கையில் இருக்கும் போனில் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.

குமரி மாவட்டத்துக்கு இந்தக் கஷ்டம் புதிதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். லைன் போவதெல்லாம் ரப்பரும் தென்னையும் பலாவும் நிற்கிற தோட்டங்களுக்கு நடுவில்தான். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் வீசியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்குக் கரன்ட் திரும்ப வரவே நாள் கணக்கானது. புயல் இல்லாத சாதாரண மழை நாளில்கூடப் போவதும் வருவதுமாகக் கண்ணாமூச்சி ஆட்டம்தான்.

உள்ளே என்னதான் நடந்தது?

கரன்ட் 'போகும்'போது அடிபடுவது பெரும்பாலும் ஃபைல்கள்தான். ஹார்டு டிஸ்க்கில் பாதி எழுதிக்கொண்டிருந்த விஷயம் அந்தரத்தில் நின்றுவிடும். கரன்ட் 'வரும்'போது அடிபடுவது பொருள்கள். ஊர் முழுக்க ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்க ஆரம்பிப்பதால், முதல் சில நிமிடங்கள் வோல்டேஜ் இறங்கி ஏறும்.

இதைவிட மோசமானது நியூட்ரல் அறுந்துபோவது. வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால், 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்குக்கூட வீட்டுக்குள் ஏறலாம். லைட் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், ஃபேன் பேய்வேகத்தில் சுற்றினால், முதலில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் அப்புறம்.

முதல்ல கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க!

கரன்ட் வந்ததும் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருங்கள். கருகிய வாடை அடிக்கிறதா, சி.பி.யூ பெட்டியின் பின்பக்கம் கறுத்திருக்கிறதா, கூரை ஒழுகி ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஆன் செய்யவே வேண்டாம். நேராக மெக்கானிக்தான். தரை ஈரமாக இருந்தால் காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் பிளக்கைத் தொடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா? ஆரம்பிக்கலாம்.

1. ஒரு சத்தமும் இல்லை, லைட்டும் இல்லை

பிரச்னை கம்ப்யூட்டரில்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் கோளாறு சுவரில். அடுத்து ஸ்பைக் பஸ்டர். நிறைய ஸ்பைக் பஸ்டர்களில் ஃபியூஸ் இருக்கும், கம்ப்யூட்டருக்குப் பதில் அது தன் உயிரைக் கொடுத்திருக்கலாம். அதையும் யு.பி.எஸ்ஸையும் விட்டுவிட்டு, சுவரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். மானிட்டருக்கும் சி.பி.யூவுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி பவர் கேபிள்தான். அதை மாற்றிச் செருகினால் கேபிள் கோளாறா என்பதும் தெரிந்துவிடும். சி.பி.யூவின் பின்னால் குட்டி சுவிட்ச் ஒன்று இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பேர் ஏமாறுவது இதில்தான்!

அப்படியும் வரலையா? இந்த வைத்தியத்தைச் செய்யுங்கள். பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பச் செருகி ஆன் செய்யுங்கள். வோல்டேஜ் எகிறும்போது எஸ்.எம்.பி.எஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பூட்டிக்கொள்வது உண்டு. மிச்சமிருக்கும் கரன்ட் வடிந்தால் அந்தப் பூட்டு திறக்கும். காசு செலவில்லாத இந்த வைத்தியத்தில் எழுந்து உட்காரும் கம்ப்யூட்டர்கள் நிறைய.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதே மாதிரி 30 விநாடி அழுத்துங்கள். சார்ஜரில் குட்டி லைட் இருந்து அது எரியவில்லை என்றால், கோளாறு லேப்டாப்பில் இல்லை, சார்ஜரில்தான் இருக்கலாம். நண்பனிடம் அதே வோல்ட், அதே முனை உள்ள சார்ஜர் இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல். 'திறந்து பாக்கலாமே' என்று அந்தப் பெட்டியின் ஸ்க்ரூவில் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கை உருவிய பிறகும் ஷாக் அடிக்கும். வேறு எஸ்.எம்.பி.எஸ் மாட்டிப் பார்ப்பதுதான் சரியான பரிசோதனை. அதைக் கடையில் செய்யச் சொல்லுங்கள்.

2. ஃபேன் சுற்றுது, ஸ்க்ரீன் கறுப்பு

முதலில் மானிட்டரைச் சந்தேகப்படுங்கள். அதன் லைட் எரிகிறதா, கேபிள் இறுக்கமாக இருக்கிறதா? அடுத்து கீபோர்டு, மௌஸ் தவிர பிரின்டர், பென் டிரைவ், வெப்கேம், லேன் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். மின்னல் லேன் கேபிள் வழியாகவும் வரும். ஃபைபர் இன்டர்நெட்தானே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். கண்ணாடி இழையில் கரன்ட் பாயாது. ஆனால், மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறி, லேன் கேபிள் மூலம் மதர்போர்டு வரை வரலாம்.

அப்படியும் கறுப்பாகவே இருந்தால் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ரேமை எடுத்து, தங்க நிற முனையை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

3. லோகோ வருது, விண்டோஸ் வரலை

இது பாதி நல்ல செய்தி. பவர் சப்ளை, மதர்போர்டு எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன.

'பூட் ஆக டிவைஸ் இல்லை' என்ற மாதிரி ஆங்கிலத்தில் மெசேஜ் வந்தால், ஏதாவது பென் டிரைவ் செருகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆன் செய்தவுடன் டிலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். (எந்த பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) அங்கே தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர் 2032 என்று கடையில் கேட்டால் கிடைக்கும், விலையும் கம்மிதான். அந்த பேட்டரி தீர்ந்திருக்கும்போது மெயின் கரன்ட்டும் போனால், பயாஸ் தன் செட்டிங்கை மறந்துவிடும். எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதும் அதோடு மறந்துபோகும். தேதியைச் சரி செய்து, பூட் வரிசையில் உங்கள் டிஸ்க்கை முதலில் கொண்டுவந்தாலே போதும்.

பயாஸில் டிஸ்க்கின் பெயரே தெரியவில்லையா? டெஸ்க்டாப்பில் பிளக்கை உருவிவிட்டு, டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

4. 'ரிப்பேர்' என்று சொல்லி அதிலேயே சுற்றுது

விண்டோஸ் இரண்டு, மூன்று தடவை கிளம்ப முடியாமல் போனால் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் வேலை தானாக ஓட ஆரம்பித்தால் நடுவில் ஆஃப் செய்யாதீர்கள். பெரிய டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகலாம். அப்டேட் நடுவில் கரன்ட் போயிருந்தாலும் இதே பொறுமை வேண்டும்.

நீல நிறத் திரை வந்து, 48 இலக்க நம்பர் கேட்கிறதா? பயப்பட வேண்டாம், வைரஸ் இல்லை. அது பிட்லாக்கர் பூட்டு. பயாஸ் செட்டிங் மாறியதால் 'யாரோ நம்மைத் திருடிட்டாங்களோ' என்று விண்டோஸ் சந்தேகப்படுகிறது. லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டைப் போட்டிருக்கிறீர்களோ, அதே அக்கவுன்ட்டில் போனில் லாகின் செய்து பாருங்கள். ரெக்கவரி கீ பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இங்கதான் ஃபைல் போகும், கவனம்!

டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ரிப்பேரும் வேண்டாம், 'இன்னொரு தடவை பாக்கலாம்' என்பதும் வேண்டாம். உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம். அதில் இருப்பது ஸ்டூடியோக்காரரின் கல்யாண போட்டோக்களோ, உங்கள் மூன்று மாத உழைப்போ என்றால் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

சத்தம் எதுவும் இல்லை, விண்டோஸ்தான் கிளம்பவில்லை என்றால், நண்பனின் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவில் உபுன்டு போட்டு வாங்கி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். 'இன்ஸ்டால்' கொடுக்காமல் 'டிரை' கொடுத்தால் உங்கள் டிஸ்க்கில் ஒன்றும் அழியாது. பிட்லாக்கர் பூட்டு இல்லாத டிஸ்க் என்றால் ஃபைல்கள் அப்படியே தெரியும். இன்னொரு டிரைவில் காப்பி செய்துகொள்ளலாம். மற்ற ரிப்பேர் எல்லாம் அதற்கு அப்புறம்.

கடையில் கொடுக்கும்போது முதல் வார்த்தையே இதுவாக இருக்கட்டும்: "அண்ணே, டேட்டா வேணும். என்னைக் கேக்காம ஃபார்மேட் பண்ணிராதீங்க." வாயால் சொன்னால் போதாது, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுப்பது கடைக்குச் சுலபம். இழப்பு உங்களுக்கு. 'மதர்போர்டு போச்சு' என்றால் வேறு எஸ்.எம்.பி.எஸ் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த மழைக்கு முன்னாடி...

• இடி சத்தம் கேட்டதும் பிளக்கையும் லேன் கேபிளையும் உருவிவிடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்வது மின்னலுக்குப் போதாது.

• வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஸ்பைக் பஸ்டர் தன் வேலையை முழுசாகச் செய்யாது.

• இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிறதா? நிறைய இன்வெர்ட்டர்களின் பின்னால் 'யு.பி.எஸ் மோடு' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதில் வைத்தால் பேட்டரிக்கு வேகமாக மாறும். சாதாரண மோடில் ஃபேனுக்குத் தெரியாத இடைவெளியில் கம்ப்யூட்டர் விழுந்துவிடும்.

• யு.பி.எஸ் தருவது சில நிமிடங்கள்தான். அது சேவ் செய்து ஷட்டவுன் செய்வதற்கான நேரம், கேம் முடிப்பதற்கு அல்ல!

• முக்கியமான ஃபைல் மூன்று இடத்தில் இருக்கட்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிரைவில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று. தனி டிரைவை காப்பி செய்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் மின்னலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சிதறால் மலைக்கோயிலில் பாறையில் வெட்டிய எழுத்துகள் ஆயிரம் வருட மழையைப் பார்த்துவிட்டு இன்னமும் நிற்கின்றன. நம் புராஜெக்ட்டுக்கு அந்த ஆயுள் வேண்டாம், சப்மிட் செய்யும் நாள் வரைக்குமாவது இருக்க வேண்டாமா? போனைக் கீழே வைத்ததும் அந்த ஒரு ஃபைலை உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள். இன்றைக்குச் சாயங்காலமும் மழை வரலாம்!